பால் காத்த மூக்கு

கருங்கண்மாயில் ஒன்றரை வருஷம் எந்த வீட்டு அடுப்பிலும் பால் பொங்கி வழியவில்லை. தைப்பொங்கலன்று மட்டும் வேண்டுமென்றே பொங்கவிட்டோம், அதற்கும் முந்தின நாளே சொல்லிவைத்தோம். இதைச் சொன்னால் மதுரையில் இருக்கிற என் கான்வென்ட் சிநேகிதிகள் "மெற்றில்டா, நீ மாறவே மாட்டே" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாக்கெட் பால் காபியை ஃப்ளாஸ்க்கில் வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்.

என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் காது மூக்கு தொண்டை டாக்டர். கைராசிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பொருளை முன்னால் வைத்து ஒன்றை எடு என்றால் மனுஷன் உறைந்துபோவார். நீலச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நடுவில் நின்று ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டவர், ஓட்டலில் மெனு கார்டைப் பார்த்துப் பார்த்தே பசி ஆறிப்போனவர், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட என்னையும் என் தங்கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் காபித் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வீட்டுக்குக் கத்தரிக்காய், காருக்கு நிறம், கிளினிக்குக்கு ஆயுதம் எல்லாம் என் பொறுப்பு. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற மாதிரிதான் ஃபோர்செப்ஸையும் வாங்குவேன்: நாலு தரம் திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்பேன், முனையால் என் சுண்டுவிரலைக் கடிக்கவிடுவேன், வலித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் ஊரில் மூக்கு வைத்தியத்துக்குக் குறைவே கிடையாது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிற மாசங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மிச்ச நாளெல்லாம் அது கபடி மைதானம். தெருவுக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு பகை, பகைக்கு ஒரு திருவிழா, ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் கிளினிக் பெஞ்சில் வரிசையாக இளந்தாரிகள், ஒருவனுக்கு மூக்கு கிழக்கே பார்க்கும், ஒருவனுக்கு மேற்கே பார்க்கும், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் மூக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

அப்படி வந்தவன்தான் வழிவிட்டான் என்கிற பையன். கீழத்தெரு அணிக்குப் பாடிப் போகிறவன், ஒரு மூச்சில் எதிராளி கோட்டுக்குள் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு ஆற அமரத் திரும்பி வருவான். அன்றைக்கு மூக்கு வலது காதைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் கருவிகளை ஆவியில் வேகவைக்கிற பெட்டி ரிப்பேராகிக் கிடந்த காலம் அது. அந்த மாதிரி நாளில் கருவிகள் எங்கள் வீட்டுக்கு வரும், பழைய ஐந்து லிட்டர் குக்கரில் போட்டு விசில்விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தமான துணியில் கட்டி அனுப்புவேன். வாசலில் மீன்காரி கூடையோடு வந்து "டாக்டரம்மா, சீலா மீனு, போறேன்" என்று கூவினாள். சீலா மீன்காரி காத்திருக்க மாட்டாள், நானும் யாருக்காகவும் காத்திருக்கிற ஜென்மமில்லை. இடுக்கியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரசம் நுரை கட்டினபோதுதான் இடுக்கியைத் தேடினேன். கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, இடுக்கி அங்க வந்திருச்சா?"

அந்தப் பக்கம் தட்டில் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

"டில்டா, அது நம்ம வீட்டு இடுக்கியா?"

"பின்ன, ஆஸ்பத்திரி இடுக்கியில கரி பிடிச்சிருக்குமா?"

"இன்னைக்கு என்னமோ நல்லாப் பிடிக்குதேன்னு நெனச்சேன்" என்றார். "மூக்கு நேரா நின்னுருச்சு."

நேராகத்தான் நின்றது, தேவாலயக் கோபுரம் மாதிரி. மூக்குக்குள் அடைத்த பஞ்சை எடுத்ததும் வழிவிட்டான் ஒரு தரம் மூச்சை இழுத்தான், ஜன்னல் பக்கம் திரும்பினான், "டாக்டரய்யா, உங்க வீட்டுல பால் பொங்கப் போகுது" என்றான். அவர் போன் செய்தார், நான் ஓடினேன், பால் பாத்திரத்தின் விளிம்பில் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கல்யாணச் சீரோடு வந்த இடுக்கி அது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த அடுப்பில் எது எப்போது பொங்கும், எது எப்போது அடிப்பிடிக்கும் என்பது மட்டும்தான், தெரிந்ததை அது அவன் மூக்குக்குக் கொடுத்துவிட்டது.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கவுன்சிலர் சம்சாரம் கோதைநாயகி மட்டும் கேட்டாள்: "எத்தனை தெருவுக்கு எட்டும்?"

எல்லாத் தெருவுக்கும் எட்டியது. காலையும் மாலையும் அவனைக் கடைவீதித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்காரவைத்தார்கள். "ஜொகராக்கா, பாலு!" என்பான், "வாத்தியார் வீட்டுல வெங்காயம் கருகுது!" என்பான், "மேலத்தெரு கடைசி வீடு, யாருன்னு தெரியல, கருவாட்டைத் திருப்பிப் போடுங்க!" என்பான். அவன் குரல் வீட்டுக்கு வீடு கைமாறிப் போய்ச் சேரும். பெண்கள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தலை பின்னினார்கள், சீரியல் பார்த்தார்கள், மாமியாரோடு சண்டையைப் பாதியில் விடாமல் முடித்தார்கள். அவன் தொட்டியிலிருந்து இறங்குவதற்குள் ஐந்தாறு வீட்டுக் காபி வந்துவிடும். சங்கடமும் இல்லாமலில்லை. கவுன்சிலர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த கார்த்திகையில் "கட்சி ஆபீசுக்குப் பின்னால கோழி தீயுது!" என்று அவன் கூவினான், கறியே தொடக்கூடாத பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் "உபதேசியார் வீட்டுச் சுக்காவுக்குத் தண்ணி தெளிங்க!" என்றான். பொல்லாத பையன் இல்லை, வந்த வாசத்தைச் சொன்னான், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் யார் எங்கள் வீட்டுக்காரரின் ஃபோர்செப்ஸைச் சீந்துவார்கள்? மூக்கு உடைந்தவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் கருவியைக் கையோடு கொண்டுவந்தார்கள், நான் குக்கரில் போட்டுக் கொடுத்தேன். நாகசாமி ஆசாரி பட்டறையில் பொன்துகள் பொறுக்குகிற தன் சாமணத்தால் நிமிர்த்திக்கொண்டார். மறுநாளிலிருந்து ஆறு பவுன் ஆரத்தில் எத்தனை செம்பு என்று பந்தியில் உட்கார்ந்தபடியே முகர்ந்து சொல்ல ஆரம்பித்தார், ஊரில் யாரும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. தேவாலயத்துக் கோயில்பிள்ளை மிக்கேல் தூபக்கால் கரித்துண்டை எடுக்கிற குறடு போதும் என்றார். அவருக்கு எதிரே வருகிறவர்கள் எல்லாரும் சாம்பிராணி வாசத்தோடு வந்தார்கள், செத்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையை உயிரோடு இருக்கிறவர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்து ஊரிலேயே நல்ல மனுஷன் என்று பேரெடுத்தார். தரகர்கள் பையனின் படிப்பைச் சொன்ன கையோடு மூக்கையும் சொன்னார்கள்: "நேர்மூக்கு, கருவி படாதது." இதற்கெல்லாம் எங்கள் ஊர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பங்குனிக்கும் ஒரு ஆடிக்கும் நடுவில்.

இப்படி எல்லாரும் சுகமாக இருந்தபோதுதான் இருளாயி வந்தாள், வழிவிட்டானின் அம்மா. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டுகிறவள், கையும் காலும் கீறலாகவே இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்தாள், உள்ளே வாத்தா என்றால் வரவில்லை.

"டாக்டரம்மா, எம்மகன் மூக்கைப் பழையபடி ஆக்கிவிடச் சொல்லுங்க."

"ஏத்தா, நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு நல்லா இருக்கு. நேத்து பரமக்குடியில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியாது, சொன்னாள். மாவட்டப் போட்டி, கடைசி ஆட்டம். வழிவிட்டான் கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான், எதிராளி ஏழு பேரும் சுற்றி நிற்க இரண்டு பேரைத் தொட்டுவிட்டான், திரும்பவேண்டியதுதான் பாக்கி. மைதானத்துக்குப் பின்னால் எவனோ டீக்கடையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஆட்டம் பார்க்க வந்துவிட்டான். நம் ஆள் நடுக்கோட்டை எட்டுவதற்கு முன்னாலேயே நின்று, பாட்டை விட்டுவிட்டு, "அண்ணே, பாலு!" என்று கத்தியிருக்கிறான். மூச்சு அறுந்தது. ஏழு பேரும் அவன்மேல் விழுந்தார்கள்.

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஒவ்வொரு ஆட்டத்திலும் எவ வீட்டு அடுப்போ அவனைக் கூப்பிடுது" என்றாள் இருளாயி. "அடுத்த மாசம் ரயில்வே கபடிக்கு ஆள் எடுக்குறாங்க. வயசு இதோட முடியுது, அடுத்த வருசம் அவனைச் சேக்க மாட்டாங்க. அவன் காக்குற பாலெல்லாம் உங்க பாலும்மா. எங்க வீட்டுல வரக்காப்பிதான். எம்மகன் மூச்சை அவன்கிட்டயே குடுத்துருங்க."

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். மூக்கை மறுபடி உடைத்து மறுபடி நிமிர்த்தலாம் என்றார், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றார், அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "எதால நிமிர்த்தறது?" என்று என்னைப் பார்த்தார்.

விஷயம் கோதைநாயகிக்கு எட்டியது. பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ரயில்வே வேலை இந்த வருசம் இல்லேன்னா வேற வேலை வரும் டாக்டரம்மா. பொங்குன பாலு திரும்ப வருமா?"

"அவனுக்கு அதுதான் கடைசி வருசம்."

"என் அடுப்புக்கு மேடை இப்பத்தான் கிரானைட் போட்டிருக்கேன்" என்றாள், அழுகிற மாதிரி. "போகட்டும், உடைக்கிறதுன்னா உடைங்க. மறுபடி என் இடுக்கியாலயே நிமிர்த்துங்க. உங்களதைவிடப் பெரிசு, எவர்சில்வர்."

இதைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் சீர்வரிசை மாதிரி பரப்பிவைத்தார்கள்: எட்டு இடுக்கி, ஆசாரியின் இரண்டாவது சாமணம், லைன்மேனின் கட்டிங் பிளேயர், தையற்காரர் நூல் பிடுங்குகிற கொக்கி, பல்டாக்டர் ரிடையரானபோது விட்டுப்போன குறடு. நடுவில், யார் வரச்சொன்னார்களோ, சென்னையிலிருந்து ஆஸ்பத்திரிக் கருவி விற்கிற கம்பெனியின் பிரதிநிதி பிரபாகரும் டை கட்டிக்கொண்டு வந்து வெல்வெட் பெட்டியைத் திறந்தார்.

"மேடம், இது வால்ஷம். ஒரு அலகு மூக்குக்குள்ள, ரப்பர் மாட்டின அலகு வெளியில, பக்கத்து எலும்பைத் தூக்கும். இது ஆஷ், நடுத்தண்டைப் பிடிச்சு நிமிர்த்தும். இது எலிவேட்டர், உள்ள அமுங்கினதை மேல கொண்டுவரும். கை படாத புது ஸ்டீல்."

திறந்தேன், மூடினேன். சத்தம் சுத்தம், பிடி சுத்தம், சுண்டுவிரல் வலிக்கவில்லை. மூக்கு நேராக நின்றால் மட்டும் போதும் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். ஆனால் போன மாசம் இதே பிரபாகர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன புது வால்ஷத்தால்தான் ரிடையர்டு தாசில்தாருக்கு என் வீட்டுக்காரர் நிமிர்த்தினார். மூக்கு அளவெடுத்த மாதிரி நின்றது, மனுஷனும் அதேபோல் நிறுத்தின இடத்தில் நின்றார். புது இரும்புக்கு எங்கே போவதென்று தெரியாது, எதற்காகத் திரும்புவதென்றும் தெரியாது. அவர் சம்சாரம் காலையில் வராந்தாவுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டு சாயங்காலம் நடத்திக்கொண்டு வருகிறாள். கபடிக்காரனை அப்படி எதிராளி கோட்டுக்குள் நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்டேன், நீ என்ன செய்வாய் என்று. வாயைத் திறந்து கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு பைத்தியம் முற்றவில்லை. நுனியைப் பார்த்தாலே தெரியும். இடுக்கி தூக்கி இறக்கும், அடுப்பைவிட்டு அங்கே இங்கே போகாது. பிளேயர் பிடித்தால் விடாது. பையன் எவன் காலையாவது பிடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பான். சாமணம் பொறுக்கும், நகத்தளவு பொன்னுக்கு நாள்முழுக்கக் குனிந்திருக்கும். பல்குறடு உள்ளே போய் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும், அது கபடி இல்லை, கொலைக்கேஸ். தையற்காரர் கொக்கியை எடுத்ததும் அது என் முந்தானையில் மாட்டிக்கொண்டது, அதன் லட்சணம் அதிலேயே தெரிந்தது.

"சீக்கிரம் டில்டா" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்துச் சீக்கிரம் என்கிறார்! கோபம் தலைக்கு ஏறியது, மேஜையைவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

இருளாயி படியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்புக் கயிற்றில் சாவியோடு தொங்குகிற முள்வாங்கியால் கருவேல முள் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நீளம் இருக்கும், துருவும் இல்லை பளபளப்பும் இல்லை. அது சதைக்குள் போனது, முள்ளைத் தொட்டது, வெளியே வந்தது. அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பொழுதன்றைக்கும் அந்தக் கருவிக்கு அதுதான் வேலை: வேண்டாதவர்கள் இடத்துக்குள் போ, தொடவேண்டியதைத் தொடு, உள்ளே தங்காமல் வீட்டுக்கு வா.

"ஏத்தா, அதைக் குடு" என்றேன்.

அவர் முள்வாங்கியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது மூக்குக்கா? கொசு மூக்குக்கே பத்தாது."

"உங்க வேலை எலும்பு. கருவி என் வேலை."

குக்கர் கூவியது, துணியில் கட்டினேன், இந்தத் தரம் முடிச்சுக்குள் வேறெதுவும் போகாமல் இரண்டு முறை பார்த்தேன். கிளினிக்கில் வழிவிட்டானைப் படுக்கவைத்து மயக்க ஊசி போட்டார்கள். நர்ஸ் ஒரு பக்கம், வெல்வெட் பெட்டியோடு வேடிக்கை பார்க்க வந்த பிரபாகர் ஒரு பக்கம், நான் தலைமாட்டில். கதவுக்கு வெளியே கோதைநாயகியும் மொத்தப் பெண்களும் நெரித்துக்கொண்டு நின்றார்கள், எல்லாரும் வழக்கம்போல் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், பழகிய பழக்கம் அப்படி. அவர் மூக்கை உடைத்தார், முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். முள்வாங்கியை உள்ளே விட்டார். அது ஒரு சில்லைத் தொட்டதுதான் தாமதம், எலும்பு தானாக எழுந்து தன்னிடத்தில் நின்றது. முள்வாங்கி வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் வழிவிட்டான் எழுந்தான். கண் திறக்கவில்லை, மயக்கம் தெளியவில்லை, "கபடி கபடி கபடி" என்றபடி மேஜையிலிருந்து குதித்தான். நர்ஸைத் தொட்டான். பிரபாகரின் டையைத் தொட்டான். வளைந்து திரும்பி டாக்டரை நெற்றியால் தொட்டான், அந்தச் சத்தமும் முருங்கைக்காய்தான். பிறகு ஒரே தாவலில் மேஜைக்குத் திரும்பி, கையைக் காலை நீட்டிப் படுத்து, அப்புறம்தான் பாட்டை நிறுத்தினான். மூச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

இருளாயி கதவுச் சந்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டான்" என்றாள், தனக்குத்தானே.

அதே நேரத்தில் கருங்கண்மாயின் அத்தனை அடுப்பிலும் பால் பொங்கி வழிந்தது. சொல்ல ஆளில்லை. தீய்ந்த பாலின் நாற்றம் தெருத்தெருவாக எழுந்து கிளினிக் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கோதைநாயகி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "என் கிரானைட்டு!" என்றாள். அப்புறம் என்னைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தாள், "இப்பத் திருப்தியா டாக்டரம்மா? இனிமே எங்களுக்கு யாரு?" என்றாள். அப்புறம் அவள் பார்வை மெல்ல நகர்ந்தது. எல்லாருடைய பார்வையும் நகர்ந்தது. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர், மூக்கு இடது காதுக்கு ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டி வெல்வெட் பெட்டியைக் காட்டினார்.

"டில்டா... வால்ஷம். புது வால்ஷம். அதுதான் எனக்கு வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் தானாக, தயங்காமல், ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸிடம் திரும்பி, "வீட்டுக்குப் போய் இடுக்கியை எடுத்துட்டு வா" என்றேன்.

கைக்கு ஒரு பெண்ணாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்த்தியது நான்தான், காலமெல்லாம் கொதிக்கிற பாத்திரம் இறக்கின கைக்கு ஒரு மூக்கு பெரிசா?

வழிவிட்டானை ரயில்வே எடுத்துக்கொண்டது. தேர்வு ஆட்டத்தில் ஏறிப் போன தடவையெல்லாம் தொட்டான், போன தடவையெல்லாம் திரும்பினான் என்று கீழத்தெருப் பையன்கள் வந்து சொன்னார்கள். இப்போது ஊர் ஊராகப் போகிறான். எங்கே போனாலும் ஆட்டம் முடிந்த கையோடு முதல் ரயிலைப் பிடித்து அம்மாவிடம் வந்துவிடுகிறான், அவன் மூக்கு அப்படி. போன வாரம் எங்களையும் பார்க்க வந்தான், சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தான், கண்ணெதிரே அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது, பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, டெல்லிக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கிளினிக்கில் யாருடைய காதுக்குள்ளேயோ விளக்கடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் குரல் இரண்டு தெரு தாண்டி வந்தது: "கோதைநாயகி, பாயசம்! ஜொகராம்மா, பாலு! டில்டா... நம்ம வீட்டுலயும்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றேன். இடுக்கியை எடுத்தேன், வழிவிட்டானுக்கு டம்ளரைக் கழுவினேன், சர்க்கரை டப்பாவை இறக்கினேன். அவசரமே இல்லை. அவர் சொன்னால் அதற்கப்புறம் இரண்டு டம்ளர் கழுவுகிற நேரம் இருக்கும், அவ்வளவு கணக்கான மூக்கு. கருவி நான் பார்த்து எடுத்ததாயிற்றே.